பிள்ளை சொன்னால் சரிதான்

சட்டை பிஸ்கட் தின்னும் என்று நம்பிய ஒரு டாக்டரோடு நான் மூன்று வருடம் ஒரே அறையில் குடியிருந்தேன். கேலிக்குச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் மேல்படிப்பில் இருந்தோம். குழந்தைகளுக்கு வரும் ஹார்மோன் கோளாறுகளும் சர்க்கரை நோயும்தான் பாடம். குழந்தை மருத்துவர் என்று பட்டம் வாங்கி, ஊரில் சொந்தக்காரர்கள் எல்லாம் “எப்ப கிளினிக் போடப்போறே” என்று கேட்க ஆரம்பித்த பிறகு, மறுபடியும் போய் மாணவியாக உட்காருகிற படிப்பு அது. உயரம் கூடாத பிள்ளை, வயதுக்கு முந்திக்கொண்டு வளர்கிற பிள்ளை, தைராய்டு சுரக்காத கைக்குழந்தை, தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் என்கிற பிள்ளை என்று எல்லாரும் எங்களிடம் வருவார்கள்.

ஒருநாள் ஒரு பொடியனுக்கு வளர்ச்சி ஹார்மோன் பரிசோதனை. இரவு சாப்பிட்டதோடு சரி, காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும். பையன் வந்தான். சட்டை முன்புறம் பூரா பிஸ்கட் தூள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் அறைத் தோழி அவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து கேட்டாள். பேச்சு நடந்தது ஹிந்தியில். அவளுடைய ஹிந்தியை எழுதினால் பாவம் வரும் என்பதால் தமிழில் தருகிறேன்.

“காலையில ஏதும் சாப்ட்டியாடே?”

“இல்லை.”

“இது என்னது, சட்டையில?”

பையன் குனிந்து பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். “அது சட்டை சாப்பிட்டது.”

நான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. “சட்டைக்குப் பசிச்சிருக்கு, பாவம். எத்தனை பிஸ்கட் தின்னுச்சு?”

“நாலு.”

“பாலும் குடிச்சுச்சோ?”

“கொஞ்சம்.”

“சரி. சட்டை சாப்ட்டிருச்சுல்லா, அதனால இன்னைக்கு டெஸ்ட் வேண்டாம். நாளைக்குச் சட்டையையும் பட்டினியாக் கூட்டிட்டு வா.” மறுநாள் பையன் சுத்தமான சட்டையும் காலி வயிறுமாக வந்தான். “சட்டை அழுதது, நான் கொடுக்கவில்லை” என்று அவளிடம் பெருமையாகச் சொன்னான்.

அவளுடைய வேதமே இவ்வளவுதான். பதினைந்து வயதுக்குள் இருக்கிறவர்கள் எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள். “பிள்ள சொன்னா சரிதாம்ட்டி” என்பாள். அவள் திருநெல்வேலிக்காரி. நான் ஈரோட்டுக்காரி. எங்கள் ஊரில் யாரும் யாரையும் அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டோம். “உன் தலையில நல்லா மிளகாய் அரைக்கறாங்க, நீயும் அம்மிக்கல்லாட்டம் உக்காந்திருக்கே” என்று தினமும் திட்டுவேன். அவள் காதில் ஏறினால்தானே!

வயது பதினைந்தைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. ஒருவரையும் நம்ப மாட்டாள். மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று ஆட்டோக்காரர் சொன்னால் குனிந்து மீட்டரைத் தட்டிப் பார்ப்பாள். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வந்துவிடும் என்று வீட்டுக்காரம்மா சொன்னால் மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பாள். குக்கரைக் கழுவிவிட்டேன் என்று நான் சொன்னால், மூன்று வருடமும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். ஒரு பெரிய ஆள் ஏதாவது சொன்னால் ஒரு அடி பின்னால் தள்ளி நின்று, செருப்பிலிருந்து தலைமுடி வரை நிதானமாகப் பார்ப்பாள். “ம்ம்” என்பாள். அந்த ‘ம்ம்’முக்கு நம்பவில்லை என்று அர்த்தம். எங்கள் துறைத் தலைவி ஒரு பஞ்சாபி அம்மையார், எல்லாரும் நடுங்குகிற ஆள். அவரே ஒருமுறை “சனிக்கிழமை உனக்கு லீவு, நிச்சயம்” என்றபோது, இவள் அவரையும் செருப்பிலிருந்து ஆரம்பித்தாள். நான் இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். லீவு கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நாங்கள் இருந்தது முனிர்காவில், மூன்றாவது மாடியில், ஆள் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டுக்கு மேலே ஓர் அறை. அங்கே நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் படிப்பில் ஒரு கருவி உண்டு. சிறிதில் ஆரம்பித்துப் பெரிதாகிக்கொண்டே போகும் மரமணிகளைக் கோத்த சரம். ஆண் பிள்ளைகளின் உறுப்பு வளர்ச்சியை ஒப்பிட்டு, பருவம் தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள டாக்டர்கள் வைத்திருப்பது. அதை இவள் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, “அடடா, ஜப மாலையா பேட்டா? மதராசிப் பெண்களுக்கு என்ன பக்தி!” என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் என்ன செய்வேன்? “ஆமாம் ஆன்ட்டி, எங்க ஊர் மாலை” என்றேன். நவராத்திரிக்குத் தன் பூஜையறையில் வைத்துவிட்டுத் தருகிறேன் என்று அந்தம்மா மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினார். குளித்துவிட்டு வெளியே வந்த இவள் விஷயம் தெரிந்ததும் ஈரத் தலையோடு படியில் ஓடினாள்.

“ஏய், சும்மா விடுடி, ஒன்பது நாள்தானே” என்று மேலிருந்து கத்தினேன்.

“சாமிகிட்ட போயா பொய் சொல்லுவ? வெளங்குமாட்டி!” என்று கீழிருந்து பதில் வந்தது.

படியில் நிறுத்தி, தன் ஓட்டை ஹிந்தியில், அது எதற்கானது என்று விளக்கியிருக்கிறாள். ஹிந்தி போதாத இடத்தில் கையையும் பயன்படுத்தியிருக்கிறாள். இன்றோடு அறை போச்சு என்று நான் பெட்டியைப் பார்த்தேன். பிறகு கேட்டது பாருங்கள் ஒரு சிரிப்பு! அந்தம்மா படியிலேயே உட்கார்ந்து, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வர, தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். அதற்குப் பிறகு அங்கே இருந்தவரை எங்களுக்கு வாடகை ஏறவில்லை. பண்டிகை நாளில் கீர் பாயசம் வரும், கிண்ணத்தோடு அந்தச் சிரிப்பும் வரும்.

ஆனால் அவளுடைய நம்பிக்கை எப்போதும் சிரிப்பில் முடியவில்லை. பதிமூன்று வயதுப் பையன் ஒருவன், கரோல்பாக் பக்கத்திலிருந்து வருகிறவன். சின்ன வயதிலேயே சர்க்கரை. மத்தியான ஊசியைப் பள்ளிக்கூடத்தில் தானே போட்டுக்கொள்ள வேண்டும். “போட்டுக்கிறேன் தீதி, தினமும்” என்பான். அக்கா என்பதற்கு அங்கே தீதி. சர்க்கரை அளவுகள் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தன. நான் அவளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். “காதுல பூச்சுத்தறான்டி. அவனோட சர்க்கரை பாக்கற மெஷினை வாங்கி, உள்ளே என்ன பதிஞ்சிருக்குன்னு அவன் முன்னாடியே பாரு.” அவள் மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு வாரம் கழித்து அவனை மூச்சு வாங்க வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பில் இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகிப்போய், பிழைப்பானா என்கிற நிலை. பிழைத்தான். துறைத் தலைவி எல்லார் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. நான் சொன்னது சரியாகிவிட்டதில் துளி சந்தோஷம் இல்லை.

பையனுக்குத் தெளிந்த பிறகு அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. போனில் லூடோ விளையாடினார்கள். இரண்டு நாள் விளையாட்டுக்குப் பிறகு அவனே சொன்னான். பள்ளிக்கூடக் கழிப்பறையில் அவன் ஊசி போட்டுக்கொண்டதை யாரோ பார்த்துவிட்டு, வகுப்பு முழுக்க அவனை ‘நஷேடி’, அதாவது போதைக்காரன், என்று கூப்பிடுகிறார்களாம். அதனால்தான் ஊசியையே எடுத்துப்போவதில்லை.

அந்த வாரம் அவளுக்கு அபூர்வமாக ஒரு லீவு கிடைத்தது. பாதி டெல்லியைத் தாண்டி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வகுப்பு ஆசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மேஜை மேல் சர்க்கரை பார்க்கும் மெஷினை வைத்து, “யாருக்கு டாக்டரைக் குத்தணும், வாங்க” என்று கையை நீட்டியிருக்கிறாள். விடுவார்களா? வரிசை கட்டி வந்தார்களாம். ஒவ்வொருவருக்கும் புது ஊசியைக் கொடுத்து, எப்படிக் குத்துவது என்று சொல்லித்தரும் வேலையை நம் பையனிடம் விட்டிருக்கிறாள். அறைக்கு வந்து பத்து விரலையும் ஊதிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாதம் நான்தான் ஊட்டிவிட்டேன்.

“பாத்தியாட்டி,” என்றாள் வாய் நிறையச் சோற்றோடு. “நான் நம்புனதால பொய் சொன்னான், அது வாஸ்தவம். ஆனா நெசத்தச் சொல்லணும்னு தோணுனப்போ என்கிட்டதான வந்தான்? நம்பாத ஆளுகிட்ட பிள்ள பொய்யும் சொல்லாது, நெசமும் சொல்லாது. வாயையே தெறக்காது.”

“அதுக்குள்ள செத்திருந்தா?” என்று கேட்டேன். அதற்கப்புறம் மெஷின்களை எல்லாம் பார்க்க ஆரம்பித்தாள். ஆனால் பிள்ளைகள் வெளியே போன பிறகுதான் பார்ப்பாள்.

இரண்டாவது வருடம், மே மாத வெயிலில், ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தவள். ஜங்புராவில் வடிகால் ஓரமாகத் தமிழ்க் குடும்பங்கள் குடிசை போட்டிருந்த இடத்திலிருந்து வந்தாள். இன்று அந்தக் குடிசைகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. அப்போது தெருவே இருந்தது. அம்மா லாஜ்பத் நகரில் வீட்டு வேலை செய்பவர். அப்பாவுக்குத் துப்புரவு வேலை. ஊர் விழுப்புரம் பக்கம். சர்க்கரை நோய் கண்டுபிடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. குளிர்காலம் முழுக்க நன்றாக இருந்தவள், வெயில் ஆரம்பித்ததும் மூன்றாவது முறையாக ரத்தம் அமிலமாகிப் படுக்கைக்கு வந்திருந்தாள். வார்டில் நாங்கள் ஊசி போட்டால் சர்க்கரை சமர்த்தாக இறங்கும். வீட்டுக்குப் போன சில நாளில் எகிறிவிடும். அதே மருந்து, அதே அளவு.

இப்படி ஒரு கேஸைப் பார்த்தால் எந்த டாக்டரும் சொல்வது ஒன்றுதான்: பிள்ளை வீட்டில் திருட்டுத்தனமாகத் தின்கிறது. நானும் அதைத்தான் சொன்னேன், துறைத் தலைவியும் அதைத்தான் சொன்னார். வீட்டிலும் தெருவிலும் அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கல்யாணம் நடந்து, லட்டு டப்பா குறைந்திருக்கிறது. சர்க்கரைப் பிள்ளைதான் எடுத்திருப்பாள் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

“இன்னும் எத்தினி வாட்டி டாக்டர் இப்டி ஓடியாறது?” என்றார் அப்பா. நல்ல உயரமான மனிதர். வேலை உடையோடே வந்திருந்தார். “சொல்லியும் பாத்தாச்சு, அடிச்சும் பாத்தாச்சு. இவ திருந்த மாட்டா. ஞாயித்துக்கெழம ரயிலுக்கு ஊர்ல எங்க அக்கா வூட்டுக்கு அனுப்சிடறேன். அது கண்டிப்பா வளக்கும். பள்ளிக்கூடமும் வாணாம், ஒண்ணும் வாணாம்.”

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிறுமி போர்வைக்குள்ளிருந்து, “நா எடுக்கல. கசம் சே, சத்தியமா நா எடுக்கல” என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

அவர் போன பிறகு நான் என் தோழியைப் பார்த்தேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

“பிள்ள எடுக்கலைங்கால்லா? அப்ப எடுக்கல.”

“அப்ப அவங்கம்மா ஊசி போடறதில்லையா?”

“போடுதாவ. நான் அந்தப் பிள்ளட்டயே கேட்டேன். ஒரு நாளு கூட தப்பாமப் போடுதாவளாம்.”

“அப்ப சர்க்கரை எங்கிருந்துடி ஏறுது, வானத்திலிருந்தா?”

“அதாம்ட்டி எனக்கும் தெரியல” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அது. ஞாயிற்றுக்கிழமை ரயில். அங்கே போனாலும் இதே மாதிரி ஏறினால் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

எங்கள் வார்டில் என் தோழி தினமும் ஒரு விளையாட்டு விளையாடுவாள். சப்பணம் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, கையை நீட்டி, “நான் பாப்பா, நீ அம்மா. ஊசி போடு” என்பாள். காலி இன்சுலின் குப்பியும் ஊசி கழற்றிய சிரிஞ்சும் பிள்ளையிடம் கொடுப்பாள். பிறகு பயந்தாங்கொள்ளி மாதிரி அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள். பிள்ளைகளுக்கு அது பெரிய குஷி. அன்றைக்கும் அந்தச் சிறுமியிடம் போய் உட்கார்ந்தாள். சிரிக்கவைக்கத்தான் போனாள், துப்பறிய அல்ல. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

சிறுமி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். குப்பியைக் கையில் வாங்கினாள். அம்மா மாதிரியே இடுப்பில் இல்லாத முந்தானையைச் செருகிக்கொண்டாள். குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். அது சரிதான், நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். ஆனால் அவள் நிறுத்தவில்லை. உருட்டிக்கொண்டே இருந்தாள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஹா ஹா என்று ஊதினாள். கக்கத்தில் வைத்து இடுக்கிக்கொண்டாள். அப்புறம் எடுத்து, காதோரம் வைத்துக் குலுக்கினாள்.

“இன்னும் ஆகல பாப்பா, இரு” என்றாள்.

என் தோழி பொய் அழுகையை நிறுத்தினாள். “காதுல வச்சு என்னம்மா கேக்க?”

“உள்ள சத்தம் வருதான்னு.”

“என்ன சத்தம்?”

“ஐஸ் சத்தம். டக் டக்னு வந்தா இன்னும் கரையலன்னு அர்த்தம். கரைஞ்சாத்தான் ஊசில ஏறும், தீதி.”

நான் கையிலிருந்த கேஸ் தாளைக் கீழே வைத்தேன். அப்போதுதான் பிளாஸ்கில் டீயோடு உள்ளே வந்த அம்மா, பேச்சைக் கேட்டு, தானே முன்வந்து சொன்னார். “ஆமாம் டாக்டரம்மா. வேல செய்யற வூட்டுல பழைய பிரிட்ஜ் ஒண்ணு குடுத்தாங்க. வெயிலு வந்தா எங்க பக்கம் பகல் பூரா கரண்ட் இருக்காது. மருந்து சூடாயிடக் கூடாதுன்னு, மேல ஐஸ் ரூம்லயே வச்சிடுவேன். துணி சுத்தி வப்பேன். ஒரு நாள் கூட வெளிய வச்சதில்ல.” அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

உறைந்துபோன இன்சுலின் செத்த மருந்து. கரைந்த பிறகு பார்க்க மருந்து மாதிரியேதான் இருக்கும், உடம்புக்குள் போய் ஒரு வேலையும் செய்யாது. அந்தத் தாய் வெயில் வந்த நாளிலிருந்து, ஒரு வேளை தவறாமல், உள்ளங்கையில் உருட்டி, மூச்சுக் காற்றில் சூடேற்றி, மகளுக்கு வெறும் தண்ணீரைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அதைச் சொல்ல வேண்டியிருந்தது. என் தோழிதான் சொன்னாள். கட்டிலை விட்டு இறங்கி, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “யக்கா, மருந்த உசிராட்டம் காப்பாத்தியிருக்கிய. குளுரா வைங்கன்னு சொல்லி விட்டோமே தவிர, உறையக் கூடாதுன்னு நாங்க சொல்லல. தப்பு எங்க மேல. இனிமே ஐஸ்ல வேண்டாம். கீழ் தட்டுல, கதவுப் பக்கம் வைங்க. கரண்ட் இல்லன்னா, ஈரத் துணி சுத்துன மண்பானைக்குள்ள வைங்க. அவ்வளவுதான்” என்றாள். “அய்யோ, எம் பொண்ண நானே கொல்லப் பாத்தனே” என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். சிறுமி கட்டிலிலிருந்து குனிந்து அம்மாவின் தலையைத் தடவினாள்.

செய்தி கேட்டுத் துறைத் தலைவி வந்தார். சிறுமியை மறுபடி ஒருமுறை விளையாடிக் காட்டச் சொன்னார். காதோரம் குலுக்குகிற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாளை முதல் எந்தக் குடும்பம் வந்தாலும், மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்” என்று எங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, என் தோழியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பஞ்சாபித் தட்டு. இரண்டு நாள் வலித்தது என்றாள். சந்தோஷம் தாங்காமல் நாங்கள் இருவரும் காரிடாரில் டாக்டர்கள் என்பதை மறந்து குதித்தோம். இப்போதும் அவளை நினைத்தால் எனக்கு அந்தக் குதிதான் முதலில் ஞாபகம் வரும்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் அப்பா வந்தார். ரயில் டிக்கெட் சட்டைப்பையில் தெரிந்தது. என் தோழி அவரை நிற்கவைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அடுத்து அவரைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மகளிடம்தான் போனார். “தப்பு பண்ணிட்டம்மா. நீ எங்கயும் போக வாணாம். ஜிலேபி வாங்கியாரட்டா?” என்றார்.

சிறுமி அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். “ஜிலேபி வேணாம். நா திருடலன்னு பக்கத்து வூட்டு அத்தைகிட்ட நீங்க சொல்லணும்.”

“சொல்றம்மா, வூட்டுக்குப் போயி...”

“இப்பவே.”

அவர் போனை எடுத்தார். சிறுமி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். நர்ஸம்மா மருந்துத் தட்டோடு அப்படியே நின்றார்.

“அக்கா, நாந்தான். நம்ம பொண்ணு அன்னிக்கி லட்டு எடுக்கலக்கா.”

“அட, உடுய்யா. புள்ளைங்கதான. எப்பவோ நடந்தது” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

“உட முடியாதுக்கா. உன் வாசல்ல வச்சிதான் அவள அடிச்சேன். எல்லாரும் பாத்தாங்க இல்ல? மருந்து கெட்டுப்போயித்தான் இவ்ளோவும். அவ எடுக்கல. பாத்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடு.” போனை அணைத்துவிட்டு, இப்போது சரியா என்பது போல மகளைப் பார்த்தார்.

“அம்மாவையும் திட்டக் கூடாது,” என்றாள் சிறுமி. “அம்மா வேணும்னு பண்ணல.”

“திட்டல.”

“வூட்டுக்குப் போயும் திட்டக் கூடாது.”

“திட்ட மாட்டேன். சத்தியமா.”

சிறுமி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் தோழியைத் திரும்பிப் பார்த்து, “தீதி, அப்பா நெசமாத்தான் சொல்றாரா?” என்று கேட்டாள்.

என் தோழி ஒரு அடி பின்னால் தள்ளி நின்றாள். அந்த ஆறடி மனிதரை, தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து ஆரம்பித்து, வேலை உடை, சட்டைப்பை டிக்கெட், தொண்டையில் ஏறி இறங்கும் முடிச்சு, கண், தலைமுடி என்று நிதானமாகப் பார்த்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அந்த ‘ம்ம்’முக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

“நெசமாத்தாம்மா சொல்லுதாரு” என்றாள் அவள்.

சிறுமி காலை மடக்கிக்கொண்டு, கட்டிலில் அப்பாவுக்கு இடம் விட்டாள்.